வேலை செய்கிறதா, காத்திருக்கிறதா? லினக்ஸ் ப்ராசஸ்கள் பற்றிய உங்கள் கேள்விகள்

சிங்கப்பூரில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். டெர்மினலில் உட்கார்ந்து எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எவ்வளவு சிபியு, மெமரி, டிஸ்க் எடுக்கிறது என்று பார்ப்பது பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

தெம்பனிஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி: அண்ணா, டாப் கட்டளையில் என் பைத்தான் ப்ராசஸ் 387% சிபியு எடுப்பதாகக் காட்டுகிறது. நூறுக்கு மேல் எப்படிப் போகும்? அதே ப்ராசஸுக்கு பி.எஸ். கட்டளை 41% என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம் தங்கச்சி, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். டாப் ஒரு கோரை, அதாவது சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதியை, 100% என்று கணக்கிடுகிறது. உன் மடிக்கணினியில் 8 கோர் இருந்தால் உச்சம் 800%. 387 என்றால் ஏறக்குறைய நான்கு கோர்களை உன் நிரல் முழுசாகப் பிடித்திருக்கிறது. டாப் ஓடும்போது 1 என்ற விசையை அழுத்து, ஒவ்வொரு கோரும் தனி வரியாக வரும். ஷிஃப்ட்டோடு ஐ அழுத்தினால் மொத்தக் கோர்களால் வகுத்துக் காட்டும்.

பி.எஸ். காட்டுவது அந்த ப்ராசஸ் பிறந்ததிலிருந்து இன்றுவரையான சராசரி. காலையெல்லாம் தூங்கிவிட்டு இப்போதுதான் ஓட ஆரம்பித்த ப்ராசஸுக்கு அதில் சின்ன எண்தான் வரும். இந்த நொடி என்ன நடக்கிறது என்று தெரிய டாப், அல்லது எச்டாப். பி.எஸ். ஒரு பட்டியல் எடுக்க நல்லது, சிபியு அளக்க அதை எடுக்காதே.

சிராங்கூன் சாலை, மளிகை மொத்த வியாபாரத்தில் கணக்கு பார்ப்பவர்: சார், எங்கள் பில்லிங் மென்பொருள் வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் ஒன்றில் ஓடுகிறது. தினமும் காலை 8 மணிக்குக் கடை திறந்ததும் அரை மணி நேரம் நகர மாட்டேன் என்கிறது. லோட் ஆவரேஜ் 14 என்று வருகிறது, ஆனால் சிபியு 80% சும்மா இருப்பதாகவும் காட்டுகிறது. மென்பொருள் தந்தவர்கள் பெரிய சர்வர் வாங்கச் சொல்கிறார்கள்.

ஐயா, இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

லோட் ஆவரேஜைப் பலரும் சிபியு எவ்வளவு உழைக்கிறது என்ற அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். தேக்கா உணவங்காடியில் ஒரு பிரியாணிக் கடை முன் 14 பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் கை ஓயாமல் வேலை செய்தும் கூட்டம் அதிகம் என்பதால் வரிசை நீளலாம். சோறு இன்னும் தம்மில் இருக்கிறது, அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதாலும் நீளலாம். லோட் எண்ணுவது தலைகளை மட்டும். லினக்ஸில் 1993-லிருந்து அது இரண்டு வகை ப்ராசஸ்களையும் சேர்த்து எண்ணுகிறது: சிபியு கேட்டு வரிசையில் நிற்பவை, டிஸ்க் போன்ற ஒன்றிலிருந்து பதில் வரும்வரை எழுப்ப முடியாமல் தூங்குபவை. உங்களுக்கு லோட் 14, சிபியு சும்மா. ஆக சோறு வேகவில்லை. டிஸ்க்கைப் பாருங்கள்.

நாளை காலை 8 மணிக்கு விஎம்ஸ்டாட் 1 என்று தட்டுங்கள். நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரி சர்வர் தொடங்கியதிலிருந்து உள்ள சராசரி, அதை விட்டுவிடுங்கள். ஆர் என்ற பத்தி சிபியு வரிசை, பி என்ற பத்தி காத்திருப்பவை, டபிள்யூஏ டிஸ்க்குக்காகக் காத்திருந்து வீணான சிபியு நேரம். எஸ்டி பத்தியையும் பாருங்கள். அது உயர்ந்தால் அதே இயந்திரத்தில் இருக்கும் வேறொருவரின் சர்வர் உங்கள் பங்கு நேரத்தை எடுக்கிறது என்று பொருள், அப்போது வாடகைக்குத் தந்தவர்களிடம்தான் பேச வேண்டும். அப்புறம் பி.எஸ். ஏயூஎக்ஸ் தட்டி, ஸ்டாட் பத்தியில் டி (D) என்ற எழுத்தோடு இருக்கும், அப்படித் தூங்கும் ப்ராசஸ்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரூட் அனுமதி (நிர்வாகி அதிகாரம்) இருந்தால் ஐயோடாப் எந்த ப்ராசஸ் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று நேராகவே சொல்லிவிடும். ஆனால் கெர்னல் என்ற லினக்ஸின் மையப் பகுதியில் 5.14 முதலான பதிப்புகளில் காத்திருப்புச் சதவீதத்தை அளக்கும் வசதி அணைத்தே வருகிறது, அந்தப் பத்தி காலியாக இருந்தால் பதற வேண்டாம்.

இன்னொன்று. நாள் தவறாமல் சரியாக 8 மணிக்கு என்றதுமே எனக்கு ஒரு சந்தேகம். டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்று தட்டி சர்வரின் நேர மண்டலத்தைப் பாருங்கள். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும். நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். நள்ளிரவில் ஓடட்டும் என்று யாரோ 0:00 மணிக்கு வைத்த பேக்கப், நம் ஊரில் சரியாகக் காலை 8 மணிக்கு ஓடும். (1981 வரை நாம் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தோம். மலேசியாவோடு சேர்ந்து 1982 பிறந்தபோதுதான் 8 ஆனது.) குறித்த நேரத்தில் ஓடும் வேலைகளின் க்ரான்டேப் பட்டியலில் 0 0 என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அவரே மறுநாள்: இருந்தது சார். முழு டேட்டாபேஸையும் அமுக்கிச் சேமிக்கும் ஸ்க்ரிப்ட். இதை நான் இல்லாத நேரத்தில் தெரிந்துகொள்ள வழி உண்டா? எட்டு மணிக்குக் கடை திறக்கும் வேலையே சரியாக இருக்கிறது.

உண்டு. சிஸ்ஸ்டாட் என்ற பொதியை நிறுவுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரின் நாடியைப் பிடித்து எழுதி வைக்கும். டெபியன், உபுண்டு இரண்டிலும் நிறுவினால் மட்டும் போதாமல் போகலாம், ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் என்பதில் சிஸ்ஸ்டாட் என்ற கோப்பைத் திறந்து எனேபிள்ட் என்பதை ட்ரூ ஆக்கியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அதன்பின் அதிலுள்ள சார் (sar) கட்டளையை சார் -க்யூ என்று தட்டினால் அன்றைய லோட் வரலாறு, சார் -டி (சின்ன எழுத்து d) என்று தட்டினால் டிஸ்க் வரலாறு. உங்கள் சர்வர் யூடிசி-யில் இருப்பதால் காலை 8 மணி அதற்கு நள்ளிரவு, நாள் கோப்பு மாறும் இடம். முதல் நாளின் கடைசி வரிகளையும் அடுத்த நாளின் முதல் வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்க்ரிப்டை 18:00 மணிக்கு மாற்றுங்கள், இங்கே அதிகாலை 2 மணி. கட்டளைக்கு முன்னால் நைஸ் -என் 19 சேர்த்தால் அமுக்கும் வேலை சிபியுவில் மற்றவர்களுக்கு வழிவிடும். டிஸ்க்குக்கு ஐயோநைஸ் -சி3 உண்டு, ஆனால் டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் எல்லா ஷெட்யூலரும் அதை மதிப்பதில்லை. பிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலர் மதிக்கும்.

பொங்கோல் வாசகி: ஃப்ரீ கட்டளையில் 16 ஜிபி-யில் 180 எம்பி மட்டுமே மிச்சம் என்று காட்டுகிறது. மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது, இரண்டு நாளில் மறுபடியும் அதே நிலை.

மறுதொடக்கம் செய்வதை நிறுத்துங்கள். ஃப்ரீ என்ற பத்தியை விட்டுவிட்டு வலது ஓரத்தில் அவைலபிள் என்ற பத்தியைப் படியுங்கள். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்டால் உடனே கொடுக்க. யாராவது மெமரி கேட்டால் அதில் பெரும்பகுதியை அப்போதே காலி செய்து தரும். அதையெல்லாம் கணக்கில் எடுத்த மதிப்பீடுதான் அவைலபிள், 2014-ல் வந்த 3.14 கெர்னலிலிருந்து இருக்கிறது.

என் ஆரம்ப வேலையிடம் ஒன்றில் இதே எண்ணைப் பார்த்து ஒரு மேலாளர் வேலை நேரத்தில் டேட்டாபேஸ் சர்வரை மறுதொடக்கம் செய்யச் சொன்னார், நானும் செய்தேன். ரேமில் சேர்ந்திருந்த அந்தக் கோப்புகள், அதாவது கேஷ், முழுவதும் போய், ஒவ்வொரு தேடலும் டிஸ்க்குக்கு ஓட வேண்டி வந்தது. அன்று மதியம்வரை வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் காத்திருந்தார்கள். அந்த அரை நாள் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அவைலபிளும் குறைந்து, விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் ஸ்வாப் என்ற இடத்திலிருந்து வருவதும் அங்கே போவதும்) இரண்டும் விடாமல் ஓடினால்தான் உண்மையான தட்டுப்பாடு. ஸ்வாப்பில் ஏதோ கொஞ்சம் கிடக்கிறது என்பது மட்டும் ஒரு குறை ஆகாது.

பிடோக் வாசகர்: என்னிடம் 8 ஜிபி ரேம்தான். ஒரு ப்ராசஸ் விர்ட் பத்தியில் 24 ஜிபி என்கிறது. இது எப்படி?

உணவங்காடியில் மேசை மேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் சோப் பண்ணுகிறோம் (பிடித்து வைக்கிறோம்) அல்லவா, அதுதான் விர்ட். பத்து நாற்காலிக்குப் பொட்டலம் வைத்திருக்கலாம், உட்கார்ந்திருப்பவர் இரண்டே பேர். உட்கார்ந்தவர் கணக்கு ரெஸ் பத்தியில். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ரெஸ்ஸிலும் ஒரு சிக்கல். பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகங்கள் ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுதாகச் சேரும். பிரவுசரின் முப்பது ப்ராசஸ்களின் ரெஸ்ஸைக் கூட்டினால் இருக்கும் ரேமை மிஞ்சிவிடும். பகிர்ந்ததைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் அளவுக்கு பிஎஸ்எஸ் என்று பெயர், எஸ்மெம் என்ற கருவி அதைக் காட்டும்.

கென்ட் ரிட்ஜ் பக்கம் ஆராய்ச்சி மாணவர்: கன்டெய்னரில் இரவு முழுவதும் ஓட விட்ட வேலை காலையில் இல்லை. பிழைச் செய்தியே இல்லை, 137 என்ற எண் மட்டும். உள்ளே ஃப்ரீ தட்டினால் 200 ஜிபி மிச்சம் இருக்கிறது!

137 என்பது 128 கூட்டல் 9. ஒன்பதாம் சிக்னல், அதாவது உடனே கொல்லும் கட்டளை, வாங்கி இறந்திருக்கிறது. அந்த சிக்னலை எந்த நிரலும் பிடித்து நிறுத்த முடியாது, அதனால்தான் கடைசி வார்த்தைகூட எழுதாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் மெமரி தீர்ந்ததால் கெர்னலே கொன்றிருக்கும். கன்டெய்னருக்கு (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் இடம்) வெளியே, அதைத் தாங்கும் ஹோஸ்ட் இயந்திரத்தில் டிமெசேஜ் -டி (dmesg -T, டி பெரிய எழுத்து) தட்டி கில்ட் ப்ராசஸ் என்று தேடுங்கள். எந்த ப்ராசஸ், எத்தனை மணிக்கு, எவ்வளவு மெமரியோடு என்று எல்லாம் எழுதியிருக்கும். ஹோஸ்ட் உங்கள் கையில் இல்லையென்றால் நிர்வாகியிடம் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே ஃப்ரீ காட்டியது முழு இயந்திரத்தின் மெமரி. உங்களுக்கு ஒதுக்கிய வரம்பு அதற்குத் தெரியாது. சிஸ் எஃப்எஸ் சிகுரூப் (/sys/fs/cgroup) கோப்புறையில் மெமரி.மேக்ஸ், மெமரி.கரன்ட் என்ற இரண்டு கோப்புகளைப் படியுங்கள், வரம்பும் இப்போதைய செலவும் அவைதான். வெளியிலிருந்து பார்க்க டாக்கர் ஸ்டாட்ஸ்.

இன்று இரவு மறுபடி ஓட விடும்போது பிட்ஸ்டாட் -ஆர் -பி, பிறகு ப்ராசஸ் எண், பிறகு 60 என்று கொடுத்து வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். நிமிடத்துக்கு ஒரு வரி. ஆர்எஸ்எஸ் பத்தி ஏறி ஓரிடத்தில் நின்றால் உங்கள் வேலைக்கு உண்மையிலேயே அவ்வளவு மெமரி வேண்டும், வரம்பை உயர்த்தக் கேளுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் நிரலில் எங்கோ எதையோ விடாமல் பிடித்துவைத்திருக்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒரே ஒரு எண்ணை வைத்துப் பிரித்தறிய முடியாது, வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும்.

ஈசூன் வாசகர்: டாப்பில் மூன்று ஸோம்பி என்று வருகிறது. கில் -9 கொடுத்தும் சாகவில்லை.

ஏற்கெனவே செத்தவை அவை. மெமரியோ சிபியுவோ எடுப்பதில்லை, பட்டியலில் ஒரு எண் மட்டும் பிடித்திருக்கின்றன. பெற்றெடுத்த ப்ராசஸ் வந்து கணக்கு முடிக்கவில்லை. மூன்று இருந்தால் விடுங்கள். நூற்றுக்கணக்கில் பெருகினால் அந்தத் தாய் ப்ராசஸைச் சரிபாருங்கள்.

சுவா சூ காங், ஓய்வுபெற்றவர்: தம்பி, வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் பழைய குடும்பக் காணொளிகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிற்பகலில் மட்டும் மெதுவாகிறது. டாப்பில் காலையிலும் 400%, பிற்பகலிலும் 400%.

ஐயா, நல்ல கவனிப்பு. டாப் சொல்வது சிபியு எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதை. என்ன வேகத்தில் என்பதை அது சொல்லாது. 80 டிகிரியைத் தொட்டால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத அறை, பிற்பகல் வெயில் விழும் சுவர், மூடிய பிளாஸ்டிக் பெட்டி என்றால் அங்கே போய்ச் சேர நேரமாகாது. விசிஜென்சிஎம்டி மெஷர் டெம்ப் (vcgencmd measure_temp) தட்டினால் வெப்பம் தெரியும். அதே கட்டளையில் கெட் த்ராட்டில்ட் (get_throttled) தட்டி 0x0 வந்தால் நலம். வேறு எண் வந்தால் சூடு, அல்லது மின்சாரம் போதவில்லை. பழைய கைப்பேசி சார்ஜரில் ஓட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். ஒரு சின்ன விசிறி வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சிராங்கூன் சாலைக்காரர், ஒரு வாரம் கழித்து: சார், இப்போது காலை 8 மணிக்கு லோட் 1-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் சார் பதிவில் அதிகாலை 2 மணிக்கு அதே 14 ஏறுகிறது. அதை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம் ஐயா, அந்த நேரத்தில் யாரும் பில் போடக் காத்திருக்கவில்லை. ஸ்க்ரிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை மட்டும் ஒரு லாக் கோப்பில் எழுத வையுங்கள். இன்று அரை மணி நேரம் ஆகிறது. கணக்குகள் சேரச் சேர நீளும். தீபாவளி விற்பனை முடிந்ததும் ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். முடியும் நேரம் நம் ஊர் நேரப்படி காலை 6 மணியை நெருங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள், முழு டேட்டாபேஸுக்குப் பதில் மாறியதை மட்டும் சேமிக்கும் முறைக்கு மாற்றிவிடலாம்.