மலையில் இருப்பவருக்கு ஹீமோகுளோபின் 12.4 போதுமா?

கேள்வி: வயது 34. பிறந்ததிலிருந்து ஏற்காட்டில்தான் இருக்கிறேன், காப்பித் தோட்ட வேலை. சேலத்தில் ரத்தம் கொடுத்ததில் ஹீமோகுளோபின் 12.4. தாளில் 12–15 என்று போட்டு, நார்மல் என்கிறார்கள். ஆனால் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. மலைக்காரர்களுக்குக் கணக்கு வேறு என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

பதில்: உண்மைதான். மலைக்காற்றில் பிராணவாயு குறைவாகக் கிடைப்பதால் உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் 1,500 முதல் 1,999 மீட்டர் உயரத்தில் வசிப்பவர்களுக்கு 1.1 கிராம் கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். கழித்தால் உங்களுக்கு 11.3. வீடு சற்றுக் கீழே இருந்து 0.8 கழித்தாலும் 11.6தான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உங்களுக்கு இருப்பது லேசான சோகை, ஆனால் சோகைதான்.

தாளில் உள்ள அளவு பெரும்பாலும் கருவிக் கம்பெனி கொடுத்த குறிப்பிலிருந்து அப்படியே எடுத்தது. முறைப்படி ஆண், பெண் தனித்தனியாக, ஆரோக்கியமான 120 பேரிடமாவது ரத்தம் எடுத்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை எல்லையாக வைக்க வேண்டும். அது முடியாவிட்டால் உள்ளூரில் 20 பேரைச் சோதித்து, இரண்டு பேருக்கு மேல் வெளியே போகவில்லை என்றால் கம்பெனி அளவையே வைத்துக்கொள்ளலாம். 20 பேர்! ஒரு காலைப் பொழுது வேலை. அதைக்கூடச் செய்யாமல் மலைக்கும் சமவெளிக்கும் ஒரே தாளை நீட்டுவதை ஏற்கவே முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். சேலத்தில் குடியிருந்து, காலை பஸ்ஸில் ஏறி மாலையில் இறங்குபவர் எதையும் கழிக்கக்கூடாது. மேலே குடிவந்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்றாலும் கழிக்கக்கூடாது. சிவப்பணு கூடுவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். மாதக்கணக்கில் இரவும் பகலும் மேலேயே இருப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு.

எஸ்டேட்டுக்கே வந்து 'ஃபுல் பாடி செக்கப்' விற்கும் ஏஜென்ட்டுகளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். எல்லை 95 சதவீதம் என்பதால், 20 டெஸ்ட் எடுத்தால் நல்ல ஆரோக்கியசாலிக்கும் ஒன்றாவது தப்பாக வர மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைக் காட்டித்தான் டானிக் விற்பார்கள். விரல் நுனியைப் பிழிந்து எடுக்கும் ரத்தத்தில் திசுநீர் கலந்து அளவு மாறும். கை நரம்பிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்களுக்குத் தேவை ஃபெரிட்டின் டெஸ்ட் ஒன்று. 15-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து இருப்பு காலி. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீர்கள், பொய்யாக உயர்ந்து காட்டும். முடிவோடு மருத்துவரைப் பார்த்து, மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதையும் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.