கல்லைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ‘கம்ப்யூட்டர் எடு, வேலை நிச்சயம்’ என்கிறார் அப்பா. ‘கல்லைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?’ என்று அண்ணன் கேலி செய்கிறான். காடு மேடெல்லாம் அலையும் வேலை பெண்ணுக்குச் சரிப்படுமா என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கு வேதியியல் பிடிக்கும், கணிதம் சுமார். சேரலாமா?
– ஒரு மாணவி

பதில்: முதலில் அண்ணனுக்குச் சொல்ல ஒரு சம்பவம்.

இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வயோன்ட் என்றொரு அணை இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 262 மீட்டர். 1963 அக்டோபர் 9 இரவு, நீர்த்தேக்கத்தை ஒட்டிய டோக் மலையின் ஒரு பக்கம் மொத்தமாகச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. சரிந்த பாறையும் மண்ணும் 25 கோடி கன மீட்டருக்கு மேல். எழுந்த அலை அணையைத் தாண்டிப் போய், கீழே இருந்த லோங்கரோனே ஊரை அழித்தது. சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 2,000 பேர் இறந்துபோனார்கள். அணைக்கு என்ன ஆயிற்று? பெரிய சேதமில்லை, இன்றும் அப்படியே நிற்கிறது. கான்கிரீட் கணக்கில் பிழையே இல்லை. மலையைப் பற்றிய கணக்குதான் பிசகிவிட்டது. அங்கே சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு இடையில் மெல்லிய களிமண் படலங்கள் இருந்தன. அடுக்குகளும் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன. தேக்கத்தில் நீர் ஏற ஏற, பாறைக்குள் நீரழுத்தம் கூடி, இருந்த கொஞ்சநஞ்சப் பிடிமானமும் போய்விட்டது.

இதில் மனதை அறுக்கும் விஷயம் வேறு. அந்தச் சரிவு, வெகு காலத்துக்கு முன்பே ஒருமுறை பெயர்ந்து வந்து நின்ற மலைத்துண்டு என்று எடோர்டோ செமென்சா, பிராங்கோ ஜியுடிச்சி என்ற இரண்டு நிலவியலாளர்கள் 1960-லேயே அறிக்கை கொடுத்திருந்தார்கள். செமென்சா வேறு யாருமல்ல, அந்த அணையை வடிவமைத்த பொறியாளரின் மகன். அப்படியும் நீர் நிரப்பும் வேலை நிற்கவில்லை. கல்லைப் படித்தவருக்கு என்ன வேலை என்று அண்ணன் மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். முதல் ஆண்டில் கனிமங்களையும் பாறைகளையும் அடையாளம் காணப் பழக்குவார்கள். கீறிப் பார்ப்பது, கைலென்ஸில் பார்ப்பது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பொங்குகிறதா என்று பார்ப்பது. உங்களுக்கு வேதியியல் பிடிக்கும் என்பதால் இந்தப் பகுதி எளிதாகவே வரும். அப்புறம் பாறைத் துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அதற்கென்றே உள்ள நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பீர்கள். வெளியே சாம்பல் நிறத்தில் சப்பென்று இருந்த கல், உள்ளே நீலமும் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். இந்தப் படிப்பிடம் பலர் மனதைப் பறிகொடுப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் உங்களுக்கு இது ஒத்துவருமா என்பது அங்கே தெரியாது. நிலத்தடியை வரையச் சொல்லும்போதுதான் தெரியும். ஒரு சிறு உதாரணம். ஓரிடத்தில் மூன்று துளை போடுகிறார்கள். முதல் துளையில் 12 மீட்டர் ஆழத்தில் களிமண் வருகிறது. இரண்டாவதில் 18 மீட்டரில் வருகிறது. மூன்றாவதில் வரவே இல்லை. இடையில் என்ன இருக்கிறது? அடுக்கு சாய்ந்து போகிறதா, மெலிந்து காணாமல் போகிறதா, ஒரு பிளவு குறுக்கே வெட்டி இடம்பெயர்த்துவிட்டதா? மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்று காரணம் சொல்லி, பென்சிலால் வரைந்து, நாளை நான்காவது துளை வேறு கதை சொன்னால் கூச்சமில்லாமல் அழிக்க வேண்டும். ‘சரியான விடை பின்பக்கத்தில் இருக்கிறதா?’ என்று தேடுபவருக்கு இது நரகம். பாதி தகவலை வைத்துக்கொண்டு யோசிப்பது உங்களுக்குச் சுவாரசியம் என்றால் தயங்காமல் சேருங்கள். சேர்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணிதம் சுமார் என்கிறீர்கள். இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் முக்கோணவியல், மடக்கை, அடிப்படைப் புள்ளியியல் தெரிந்தால் சமாளித்துவிடலாம். ஆனால் புவி இயற்பியல், நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியமைப்பது போன்ற துறைகளுக்கு நுண்கணிதம் வேண்டும். கணிதத்துக்குப் பயந்து ஒதுங்கும் இடமாக நிலவியலை நினைத்தால், பின்னால் பாதிக் கதவுகள் உங்களுக்குத் திறக்காது. அப்பாவின் விருப்பத்தையும் இங்கேயே பாதி நிறைவேற்றிவிடலாம். பைத்தான் என்ற நிரல்மொழி ஒன்றும், வரைபடத் தரவுகளைக் கையாளும் ஜி.ஐ.எஸ். மென்பொருள் ஒன்றும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பாறையும் தெரிந்து நிரலும் எழுதத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வேலை என்றதும் எல்லோருக்கும் எண்ணெயும் தங்கமும்தான் நினைவுக்கு வரும். சம்பளம் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தத் துறைகள் விலையோடு ஏறி இறங்கும். 2014-ன் நடுவில் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அப்படி விழும்போது நிறுவனங்கள் முதலில் கை வைப்பது புதிய வயல்களைத் தேடும் செலவில்தான், அதாவது நிலவியலாளர்களின் வேலையில். சுரங்கத் துறையிலும் இதே கதைதான். என்றாலும் மின்கலங்களுக்கு லித்தியமும் மின்கம்பிகளுக்குத் தாமிரமும் எங்கிருந்தாவது தோண்டித்தானே ஆக வேண்டும்? அங்கே வேலை அடியோடு போய்விடாது.

என் ஓட்டு தண்ணீருக்கும் கட்டுமானத்துக்கும்தான். நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம், குப்பைக்கிடங்கின் கசிவு எந்தப் பக்கம் போகும்? சுரங்கப்பாதை எந்தப் பாறைக்குள் போகிறது, இந்தச் சரிவு சாலையைத் தாங்குமா? இந்தக் கேள்விகள் எந்த நாட்டிலும் தீர்ந்துபோவதில்லை. வீட்டில் சொல்லிப் பெருமைப்பட எண்ணெய், தங்கம் அளவுக்கு ஜொலிப்பு இருக்காது. பரவாயில்லை.

புதிதாகவும் சில பாதைகள் திறந்திருக்கின்றன. ஐஸ்லாந்தில் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். அதில் மிகப் பெரும்பகுதி இரண்டே ஆண்டுக்குள் கனிமமாகிவிட்டதென்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்க 400 மீட்டருக்கும் கீழே, பழம்பாறையில் குகை குடைந்திருக்கிறார்கள். எரிமலைக் கண்காணிப்பு இன்னொரு துறை. 1985-ல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது, ஆபத்து வரைபடம் கையில் இருந்தும் சேற்றுவெள்ளத்தில் 20,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடிக்கும் முன் பல்லாயிரம் பேரை வெளியேற்றிவிட முடிந்தது. (நிலாவில் நடந்தவர்களில் ஒரே ஒருவர்தான் தொழில்முறை நிலவியலாளர்: 1972-ல் போன ஹாரிசன் ஷ்மிட். இந்த வழியை நம்பிச் சேர வேண்டாம்!)

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இளநிலைப் பட்டத்தோடு நின்றால் பெரும்பாலும் களத்தில் மாதிரி சேகரிப்பது, துளையிட்டு எடுத்த பாறை உருளைகளைப் பார்த்துப் பதிவெழுதுவது போன்ற தொடக்க வேலைகளே கிடைக்கும். முதுநிலையையும் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுங்கள். முனைவர் பட்டம் ஆராய்ச்சியும் பேராசிரியர் வேலையும் வேண்டுமென்றால் போதும்.

இனி அம்மாவின் கவலை. அது நியாயமானதுதான். 1950-களில் மேரி தார்ப் என்ற அமெரிக்க நிலவியலாளரைப் பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. ஆண்கள் கடலில் அளந்து கொண்டுவந்த ஆழக் கணக்குகளை வைத்து, கரையில் மேசைமுன் உட்கார்ந்து அட்லாண்டிக் கடலடியை வரைந்தார். நடுவே ஓடும் மலைத்தொடரில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். உடன் வேலை செய்தவர் முதலில் அதைப் ‘பெண்பிள்ளைப் பேச்சு’ என்று தள்ளினார். பிறகு தரவுகள் ஒத்துப்போனதும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்துக்கு வலுச் சேர்த்த சான்றுகளில் அதுவும் ஒன்று.

இன்று பெண்கள் கப்பலிலும் போகிறார்கள், சுரங்கத்திலும் இறங்குகிறார்கள். அதற்காக எல்லா இடமும் வசதியாகிவிட்டது என்று அம்மாவிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். களப்பயணத்தில் கழிப்பறை எப்படி, தங்குமிடம் எப்படி, எத்தனை பேர் சேர்ந்து போகிறார்கள், புகார் சொல்ல வேண்டியிருந்தால் யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் துறையில் நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த இடம் வேண்டாம். ஆய்வகம், கணினி, அலுவலகம் என்று வெயில் படாத வேலைகளும் இந்தத் துறையில் நிறைய உண்டு என்பதையும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

சேருவதற்கு முன் அந்தத் துறைக்கு ஒருமுறை போய்வாருங்கள். பட்டப்படிப்பு முழுவதிலும் எத்தனை நாள் களத்தில் கழியும்? ஒரு நுண்ணோக்கியை எத்தனை பேர் பங்கிட வேண்டும்? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இவற்றைக் கையேட்டில் தேடாமல் இறுதியாண்டு மாணவிகளைப் பிடித்துக் கேளுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவர் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தோன்றாதவையாக இருக்கும்.