கிட்டாரைக் காணவில்லை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வேலை, கல்யாணம், பிள்ளை என்று ஆறு வருடம் பாட்டுக் கேட்பதையே விட்டிருந்தேன். திரும்பி வந்தால் பெரிய கம்பெனிகளைச் சாராத இண்டி குழுக்களின் கேட்க வேண்டிய அல்பங்கள் 140 சேர்ந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பிளேலிஸ்டில் போட்டு, காலையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் 100 பஸ்ஸில் ஷஃபிளில், வரிசையைக் கலைத்துக் கேட்கிறேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்து ரொக் குழுவின் 2013 அல்பம் எனக்கு உயிர். 2018, 2022 அல்பங்களில் கிட்டாரையே காணவில்லை. அவர்கள் மாறிவிட்டார்களா, எனக்கு வயது போய்விட்டதா? எதிலிருந்து தொடங்கலாம்?

ர., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

வயதுப் புலம்பலை விடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஆறு வருடம் பாட்டு நின்றுபோவது குற்றமில்லை. திரும்பி வந்தீரே, அதுவே சந்தோஷம். கிட்டார் விஷயமும் சின்னது. 2018 அல்பத்தின் பாட்டுகளை அந்தக் குழுவின் பாடகர் அலெக்ஸ் டர்னர் பியானோவில் இருந்து எழுதினார். அப்படிப் பிறந்த பாட்டில் கிட்டார் ஓரமாகத்தான் நிற்கும். பிடிக்கவில்லை என்று சொல்ல உமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேட்டவர் சொல்ல வேண்டும். நீர் இன்னும் கேட்கவேயில்லை.

ஷஃபிளாம்! 140 அல்பங்களை! கச்சேரியில் தனியாவர்த்தனத்தை முதலில் வைத்து, வர்ணத்தைக் கடைசியில் பாடினால் எழும்பிப் போய்விட மாட்டீரா?

இது வெறும் வரிசைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம், சத்தத்தின் அளவே மாறிவிடுகிறது. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டுகளையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவரும். ‘நோர்மல்’ அமைப்பில் அது −14 லஃப்ஸ். காது உணரும் சராசரி உரப்பின் அளவு அது. பூச்சியத்திலிருந்து கீழே போகப்போக மெல்லிய சத்தம். அல்பத்தை வரிசையாகப் போட்டால் முழு அல்பத்தையும் ஒரே அளவால் கூட்டும் அல்லது குறைக்கும், பாட்டுகளுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டையும் தனியே நிறுக்கும். −20 இல் ஒரு மெல்லிய பாட்டு, அதற்கடுத்து −9 இல் டிரம்ஸ் வெடிக்கும் பாட்டு என்று வைத்துக்கொள்ளும். இடையில் 11 டெசிபெல். ஷஃபிள் முன்னதைத் தூக்கி, பின்னதை அமுக்கி, இரண்டையும் −14 க்குப் பக்கத்தில் உட்காரவைக்கப் பார்க்கும். அந்த வெடிப்புக்காகத்தான் முதல் பாட்டை அவ்வளவு மெல்ல வைத்திருந்தார்கள். மாஸ்டரிங், அதாவது வெளியிடுவதற்கு முன் சத்தத்தைச் சீராக்கும் கடைசி வேலை, செய்தவர் நாட்கணக்காக இழைத்ததை நீர் ஒரு விரலால் அழித்துவிட்டு, ஒட்டவில்லை என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்.

2021 நவம்பரில், பாடகி அடெல் கேட்டதற்காக, ஸ்பொட்டிஃபையின் அல்பப் பக்கத்திலுள்ள பெரிய பொத்தானிலிருந்து ஷஃபிளை எடுத்தே விட்டார்கள். நீர் அதைத் தேடிப்போய் அழுத்துகிறீர்.

செட்டிங்ஸுக்குப் போம். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் பூச்சியம். பாட்டுகளைத் தானே இணைக்கும் ஓட்டோமிக்ஸ், அல்பம் முடிந்ததும் வேறு பாட்டைப் போடும் ஓட்டோபிளே இரண்டும் ஓஃபில் இருக்கட்டும். இடைவெளி விடாமல் ஓட்டும் கேப்லெஸ் ஓனில் இருக்கட்டும், அது இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஓடும் பாட்டுகளுக்கு நடுவே ஒரு விக்கல் விழும். சத்த அளவை ‘லவுட்’ இல் வைக்க வேண்டாம். அது −11 வரை ஏற்றுவதற்காக லிமிட்டரைப் போட்டு, மேலெழும் டிரம்ஸ் அடிகளை நசுக்கும். தரத்தை ‘ஓட்டோமெட்டிக்’ இல் விட்டால் சிக்னல் குறையும் இடத்தில் தரமும் விழும். 320 கிலோபிட் தரத்தில் வீட்டிலேயே இறக்கிவிடும். 45 நிமிட அல்பத்துக்கு 108 எம்.பி.தான்.

அடுத்தது பஸ். என்ஜினின் உறுமல் தாழ்ந்த அதிர்வெண். முதலில் அது விழுங்குவது பாஸ் கிட்டாரை. பாஸ் கேட்கவில்லை என்று வொல்யூமை ஏற்றுவீர். பாஸ் வராது, டிரம்ஸின் சிம்பல் தட்டுத்தான் காதைக் குத்தும். டிரைவரின் ஸ்பீக்கரில் போகும் பாட்டையும் வென்றாக வேண்டும் என்றால் இன்னும் ஏற்றுவீர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபெல்லில் வாரம் 40 மணித்தியாலம். சத்தம் 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். சத்தத்தை ஏற்றாமல், வெளி இரைச்சலை அடைப்பதே வழி. இயர்போன் பெட்டிக்குள் மூன்று அளவில் ரப்பர் நுனிகள் இருக்கும். எல்லோரும் நடு அளவையே போட்டுக்கொண்டு திரிவார்கள். வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகிப் பாரும்: தலைக்குள் முழங்கினால் காது சரியாக அடைபட்டிருக்கிறது. முழங்காவிட்டால் பெரிய அளவுக்கு மாறும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை.

உமக்கு உயிரான பழைய அல்பங்களைத் திரும்பத் தேடும்போது எந்தப் பதிப்பு என்றும் பாரும். ரீமாஸ்டர் என்ற பெயரில் உச்சங்களை வெட்டிச் சத்தத்தை ஏற்றியவை ஏராளம். மெட்டாலிக்கா என்ற ஹெவி மெட்டல் குழு இண்டி இல்லைதான், ஆனாலும் 2008 இல் அவர்கள் போட்ட அல்பத்தின் சிடியைவிட ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் நசுங்காமல் இருந்தன என்று ரசிகர்களே கொதித்தார்கள். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பில் வையும். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.

140 இல் 12 ஐ வைத்துக்கொண்டு மிச்சத்தை அழியும். கிழமைக்கு ஒன்று, மூன்று தரம்: ஒன்று பஸ்ஸில், ஒன்று வீட்டு ஸ்பீக்கரில், ஒன்று பாடல் வரிகளை வாசித்தபடி. முதல் தரத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மூன்று பாட்டோடு நிறுத்தவும் கூடாது.

பிடித்ததை, குழுக்கள் தங்கள் பாட்டை நேரே விற்கும் தளமான பேண்ட்கேம்பில் காசு கொடுத்து வாங்கும். ஸ்பொட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு 2024 இலிருந்து ஒரு சதமும் கிடையாது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம் எடுக்கும்; ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கும். அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் நடப்பதால் நமக்கு அது வெள்ளி பகல் 12.30 க்கு, அவர்களின் குளிர்காலத்தில் 1.30 க்குத் தொடங்கி மறுநாள் அதே நேரம் வரை.

எதிலிருந்து என்று கேட்டீர் அல்லவா? அந்த 2022 அல்பத்திலிருந்தே. 37 நிமிடம். குரல் வருவதற்கு முன்னால் பியானோவும் வயலின்களும் ஒரு நீண்ட முன்னுரை சொல்லும். பஸ்ஸில் அது காதில் விழாது. பிள்ளை தூங்கிய பிறகு கேளும்.