சாலை ஒப்பந்ததாரரின் பணித் தரத்தை எதை வைத்து மதிப்பிடுவது?

சோதனை அறிக்கைகள் எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மழைக்குள் சாலை பெயர்ந்துவிடுகிறதே, அப்படியானால் ஒப்பந்ததாரரின் தரத்தை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலி வட்டாரச் சாலைப் பணிகளில் தரக் கட்டுப்பாடு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலை நடக்கும்போது அவர் எதைத் தட்டிக்கழிக்கிறார், வேலை முடிந்தபின் குறை சொல்லி அழைத்தால் எத்தனை நாளில் ஆள் அனுப்புகிறார் என்ற இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

தார்க்கலவையின் சூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வி.ஜி.-30 வகைத் (பாகுத்தன்மையை வைத்துத் தரம் பிரித்த தாரில் ஒரு வகை) தாருக்கு, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2013ஆம் ஆண்டு விவரக்குறிப்பு, கலவை 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், விரிக்கும்போது 140க்கும் உருளை ஓட்டும்போது 90க்கும் குறையக் கூடாது என்கிறது. கலவை ஆலை கங்கைகொண்டான் பக்கம் இருந்து, வேலை வெகுதூரத்தில் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே நடக்கிறது என்றால், தார்ப்பாய் மூடாமல் வரும் டிப்பரில் கலவையின் மேல்பகுதி ஆறிக் கட்டிதட்டிவிடும். நல்ல ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர், நாம் கேட்காமலே வெப்பமானியைச் சுமைக்குள் செருகிக் காட்டுவார். மற்றவர், "அதெல்லாம் பிளான்ட்டிலேயே பார்த்தாச்சு சார்" என்று பின்கதவைத் திறக்கச் சொல்லிவிடுவார். ஆறிய கலவையை எத்தனை முறை உருட்டினாலும் அது இறுகாது, ஜல்லிதான் நொறுங்கும். தாரின் விகிதம் அறிக்கையில் சரியாகவே இருக்கும். ஆனால் சாலையில் துளையிட்டு எடுத்த உருளை மாதிரியின் அடிவிளிம்பை விரலால் தேய்த்தால் ஜல்லி உதிரும். ஐப்பசி மழை அந்த இடைவெளிகளில் இறங்கித் தாரை ஜல்லியிலிருந்து உரித்துவிடும். (மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்று புரட்டாசியில் இரவு பகலாக நடக்கும் வேலைகளை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.)

அதே சமயம், எல்லாக் குறையையும் ஒப்பந்ததாரர் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் சாலையோரம் நீளவாட்டில் வெடிப்பு விழுந்தால், ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் அந்த மண்ணை மாற்றவோ பதப்படுத்தவோ வேலையின் செலவு மதிப்பீட்டில் இடம் தரப்பட்டிருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தரப்படவில்லை என்றால் அது வடிவமைத்தவரின் பிழை. குடிநீர்க் குழாய்க்காக வெட்டி அரைகுறையாக மூடிய பள்ளமும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்தில் பாலத்தின் கண்கள் (நீர் போகும் வழிகள்) போதாமல் அறுத்துக்கொண்டு போன கரையும் ஒப்பந்ததாரரின் பிழையல்ல. இவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதே அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு வெளியில் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். ஒப்பந்தப்புள்ளிகளுக்கான 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போகிறது. அவர் முன்பு போட்ட சாலை எப்படித் தாங்கியது என்பது தகுதிச் சான்றுகளைத் தாண்டிக் கணக்கில் வருவதில்லை. பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில், போட்டவரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருப்பதால், அங்கே மதிப்பிடுவது சற்று எளிது.

மற்றச் சாலைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உதவும். அதன் 2(j) பிரிவு, ஆவணங்களைப் பார்வையிடவும் நகல் பெறவும் மட்டுமன்றி, நடக்கும் பணியைப் பார்வையிடவும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் உரிமை தருகிறது. அளவுப் புத்தகத்தின் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு) நகலோடு நிறுத்திக்கொள்ளாமல், குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் (போட்டவரே குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம்) உள்ள அந்த ஒப்பந்ததாரரின் சாலைகள் எவை, ஒவ்வொன்றுக்கும் குறை நீக்கக் கோரிக் கடிதம் அனுப்பிய தேதி என்ன, சரிசெய்த தேதி என்ன, பிடித்தம் செய்த வைப்புத்தொகை எப்போது விடுவிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். சரிசெய்வதற்கு முன்பே வைப்புத்தொகை விடுவிக்கப்பட்டிருந்தால், ஒப்பந்ததாரரோடு சேர்த்து அந்த அலுவலகத்தையும் மதிப்பிட வேண்டியிருக்கும்.