செங்கடலூடாகப் போகும் கப்பலில் ஏறலாமா?

வாசகர் கேள்வி – பதில்: கடற்பயணம்

திருகோணமலையிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் உல்லாசக் கப்பல் பயணம் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில்.

கேள்வி: எனக்கு 66 வயது, கணவருக்கு 72. அவருக்கு இருதய வருத்தம், அடைபட்ட குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்திருக்கிறார்கள். டுபாயில் ஏறி செங்கடல், சுயஸ் கால்வாய் வழியாக ஏதென்ஸ் போகும் கப்பலில் எங்களுக்கு இடம் பதிய லண்டனில் இருக்கும் மகன் யோசிக்கிறார். வழமையான விலையில் பாதிதான் என்கிறார். "ஆபத்தென்றால் இவ்வளவு பெரிய கம்பனி ஆட்களை ஏற்றுமா?" என்பது அவருடைய கேள்வி. சொந்தக்காரர் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். எதைக் கேட்பது? — வாசகி, உவர்மலை

பதில்: முதலில் விலை. கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல்களைக் குளிர்காலத்துக்கு வளைகுடாவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுவந்து, வசந்தத்தில் திரும்பக் கொண்டுபோவார்கள். கப்பல் எப்படியும் போயாக வேண்டும். வெறுமையாகப் போவதைவிட மலிவாக ஆட்களை ஏற்றினால் கம்பனிக்கு லாபம். ஆகவே பாதி விலை என்றதும் சந்தேகப்படத் தேவையில்லை. அதே நேரம், அந்த விலையில் பாதுகாப்பைப் பற்றிய உறுதி எதுவும் இல்லை.

மகன் சொல்வதில் பாதி சரி. பெரிய கம்பனிகள் ஏவுகணை விழும் கடலுக்குள் பயணிகளைக் கொண்டுபோக விரும்புவதில்லை. காஸா போரை முன்னிட்டு யேமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் ஹெலிகொப்டரில் இறங்கி கலக்ஸி லீடர் என்ற சரக்குக்கப்பலைப் பிடித்த பிறகு பல நிறுவனங்கள் அந்த வழிப் பயணங்களை ரத்துச் செய்தன, அல்லது ஆபிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின, அல்லது பயணிகளை இறக்கிவிட்டுக் கப்பலை மட்டும் அனுப்பின. இதன் பொருளைக் கவனியுங்கள்: நீங்கள் காசு கட்டிய பிறகு பாதை மாறுவதற்கே வாய்ப்பு அதிகம். குண்டு விழுவதைப் பற்றி மட்டும் யோசிக்கும் குடும்பங்கள் இதைத் தவறவிடுகின்றன.

குண்டைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் குறிவைக்கப்பட்டன. ரூபிமார், டியூட்டர், மஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்ற நான்கும் மூழ்கின. இவற்றில் கடைசி இரண்டும் 2025 ஜூலையில் ஒரே வாரத்தில் மூழ்கின. அதற்கு முன் பல மாதங்கள் அந்தக் கடல் அமைதியாக இருந்தது. 'இப்போது ஒன்றும் நடக்கவில்லையே' என்று ஆறுதல்படுவதற்கு அதனால்தான் இடமில்லை. 'எங்கள் கப்பலுக்கும் அந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை' என்ற ஆறுதலும் பலிக்காது. 2024 பெப்ரவரியில் அடிவாங்கிய ஸ்டார் ஐரிஸ், ஹூதிகளின் ஆதரவாளரான ஈரானுக்கே சோளம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பழைய உரிமையாளர் விபரத்தை வைத்துக்கூடக் கப்பல்கள் குறிவைக்கப்பட்டிருக்கின்றன.

பயணத் திட்டத்தில் 'செங்கடல்' என்று மட்டும் இருந்தால் போதாது. ஜித்தா (சவூதி), சபாகா (எகிப்து), அக்காபா (ஜோர்தான்) என்று வடக்கிலேயே சுற்றும் கப்பல், செங்கடலின் தெற்கு வாயான பாப் அல் மந்தப் நீரிணைக்குள் போவதில்லை. ஜித்தாவிலிருந்து அந்த நீரிணை 1,000 கிலோமீற்றருக்கும் அப்பால். ஆனால் டுபாயிலிருந்து சுயஸ் வழியாக ஏதென்ஸ் போவதென்றால் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமான அந்த வாய்க்குள் நுழையாமல் வழியில்லை. திட்டத்தில் ஓமானின் சலாலாவுக்கு அடுத்து நான்கைந்து நாட்கள் 'கடலில்' என்று போட்டு, பிறகு அக்காபா வந்தால் அதுதான் அந்த இடம்.

உங்கள் கணவருக்கு அந்த நான்கைந்து நாட்களே எங்களுக்குப் பெரிய கவலை. கப்பல் வைத்தியசாலையில் ஈசீஜி எடுக்கலாம், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம், செயற்கைச் சுவாசம் கொடுக்கலாம். அடைபட்ட இருதயக் குழாயைத் திறக்கும் சிகிச்சை அங்கே கிடையாது. மற்றக் கடல்களில் இப்படியொரு நிலை வந்தால் கப்பல் பக்கத்துத் துறைமுகத்துக்குத் திரும்பும், அல்லது ஹெலிகொப்டர் வரும். இந்தப் பாதையின் தெற்குப் பகுதியில் ஒருபக்கம் யேமன், மறுபக்கம் சோமாலியா, ஜிபுட்டி, எரித்திரியா. நோயாளியை இறக்கி நல்ல இருதயப் பிரிவுக்குக் கொண்டுபோகும் வசதி கையெட்டும் தூரத்தில் இல்லை. ஏவுகணைப் பேச்சையே ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஸ்டென்ட் வைத்த 72 வயதுக்காரருக்கு இந்தப் பயணத்தை நாங்கள் சொல்லமாட்டோம். மேற்கு மத்தியதரைக் கடலில் ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு துறைமுகம் என்ற பயணத்தை மகன் பார்க்கட்டும். காசு சற்றுக் கூடத்தான் செய்யும்.

அப்படியும் பதிவதென்றால், முற்பணம் கட்டுமுன் மகன் கம்பனியிடம் ஈமெயிலில் கேட்டுப் பதில் வாங்கி வைக்கவேண்டியவை சில உண்டு. பாதை பற்றிய இறுதி முடிவை எந்தத் திகதிக்குள் எடுப்பீர்கள்? அது இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னா, பின்னா? நன்னம்பிக்கை முனை வழி என்றால் எத்தனை நாள் கூடும், மேலதிகச் செலவு யாருக்கு? துறைமுகம் தவறினால் என்ன திருப்பித் தருவீர்கள்? கடைசிக் கேள்விக்கு வழமையான பதில் 'துறைமுகக் கட்டணம் மட்டும்' என்பதே. பாதையை மாற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் கம்பனிகள் தங்களிடமே வைத்திருக்கும். இறுதிக் கொடுப்பனவு பெரும்பாலும் 90 முதல் 120 நாட்களுக்கு முன் கேட்கப்படும். அதற்குப் பிறகு நீங்களாக விலகினால் இழப்பு வேகமாக ஏறும்.

மகன் பிரித்தானியாவில் பதிவதால் ஒரு நன்மை இருக்கிறது. அங்குள்ள 2018ஆம் ஆண்டுப் பொதிச்சுற்றுலா விதிகளின்படி, புறப்படுமுன் பயணத்தின் முக்கிய அம்சத்தைக் கம்பனி கணிசமாக மாற்றினால் தண்டப்பணம் இல்லாமல் விலகி, 14 நாட்களுக்குள் காசைத் திரும்பப் பெறலாம். புறப்பட்ட பிறகு மாறினால் கதை வேறு.

விசாவையும் இப்போதே பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தென்னாபிரிக்க விசா வேண்டும். பாதை ஆபிரிக்கா பக்கம் திரும்பி, கையில் அந்த விசா இல்லாவிட்டால் ஏறவிடாமலே தடுக்கலாம். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவின் திகதிகளும் நீண்ட பாதைக்குப் போதாமல் போகலாம்.

கேள்வி: 2024 ஜனவரியில் எங்கள் நாட்டு மீன்பிடிப் படகு ஒன்றையே சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். உல்லாசக் கப்பலில் ஏற மாட்டார்களா? — வாசகர், மூதூர்

பதில்: நீங்கள் சொல்வது லொரென்சோ புத்தா–4 என்ற பலநாள் படகு. ஆறு மீனவர்களும் சீஷெல்ஸ் படையினரால் மீட்கப்பட்டார்கள். பலநாள் படகின் விளிம்பு நீரிலிருந்து கைநீட்டிப் பிடிக்கும் உயரம், வேகம் குறைவு, வலை விட்டிருந்தால் நகரவும் முடியாது. கொள்ளையருக்கு அது இலகு.

ஏணியைக் கொக்கியால் மாட்டி ஏறுவதுதான் அவர்களின் முறை. அதற்கு மூன்று வேண்டும்: தாழ்ந்த விளிம்பு, மெதுவான கப்பல், அமைதியான கடல். கப்பல் துறையின் பாதுகாப்புக் கையேடு, 18 நொட்டுக்கு (மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர்) மேல் ஓடிய கப்பலில் கொள்ளையர் ஏறியதாகப் பதிவில்லை என்கிறது. உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் 18 முதல் 22 நொட் ஓடக்கூடியவை. திறந்த தளங்களும் நீரிலிருந்து பல மாடி உயரத்தில் இருக்கும்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2005 நவம்பரில் சோமாலியாவுக்கு அப்பால் சீபோர்ன் ஸ்பிரிட் என்ற உல்லாசக் கப்பல் மீது இரண்டு சிறு படகுகளில் வந்து ரொக்கட் எறிகுண்டால் சுட்டார்கள். ஒரு ஊழியர் காயப்பட்டார், கப்பல் வேகமெடுத்துத் தப்பியது. 2009 ஏப்ரலில் சீஷெல்ஸுக்கு வடக்கே எம்எஸ்சி மெலடியில் ஏற வந்தவர்களைப் பாதுகாவலர்கள் சுட்டு விரட்டினார்கள். இரண்டிலும் கொள்ளையர் உள்ளே வரவில்லை.

உயரமும் வேகமும் கொள்ளையரிடமிருந்துதான் காப்பாற்றும். ஏவுகணைக்கும் ட்ரோனுக்கும் 20 நொட்டும் ஒன்றுதான், 10 நொட்டும் ஒன்றுதான். 'கப்பலில் ஆயுதக் காவல் இருக்கிறது' என்று முகவர் சொன்னால், எந்த ஆபத்துக்கு என்று கேளுங்கள்.

கேள்வி: ஆபத்தான பகுதியைக் கடக்கும்போது பயணிகள் என்ன செய்ய வேண்டும்? — வாசகர், நிலாவெளி

பதில்: கரை விடுமுன் நடக்கும் அவசரப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். 2012இல் 32 பேர் இறந்த கோஸ்டா கொன்கோர்டியா உல்லாசக் கப்பல் விபத்தின் பிறகு விதி இறுகியது. 2015 முதல் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட கையோடு இதை நடத்த வேண்டும். ஏழு சிறிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். முதல் நாளே கபினிலிருந்து அந்த இடத்துக்குப் படிக்கட்டால் ஒருமுறை நடந்து பாருங்கள். அவசரத்தில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வருத்தம் உள்ளவர் உதவி வேண்டுமென்று வரவேற்பில் எழுதிக் கொடுத்து வைக்கட்டும்.

கொள்ளையர் அல்லது தாக்குதல் எச்சரிக்கையில் செய்ய வேண்டியது வேறு. பல்கனியையும் திறந்த தளத்தையும் விட்டு உள்ளே வாருங்கள். கபினின் வெளிக்கண்ணாடிக்கும் உங்களுக்கும் இடையே ஒரு சுவராவது இருக்கும்படி நடுவழிப் பாதையில் நிலத்தில் இருங்கள். நிற்க வேண்டாம்: தப்புவதற்காகக் கப்பல் வேகத்துடன் சடாரென்று திரும்பும், சாயும், நிற்பவர் விழுவார். வீடியோ எடுக்க வெளியே போகவே கூடாது. இரவில் விளக்கணைத்துத் திரை மூடச் சொன்னால் அப்படியே செய்யுங்கள்: உங்கள் ஒரு கபின் வெளிச்சமும் தூரத்துக்குத் தெரியும்.

கட்டிலருகே ஒரு சிறு பையில் மூன்று நாள் மருந்து, மூக்குக்கண்ணாடி, கடவுச்சீட்டுப் பிரதி, மூடிய சப்பாத்து. மூலக் கடவுச்சீட்டைக் கப்பல் நிர்வாகமே பெரும்பாலும் வாங்கி வைத்திருக்கும்.

கேள்வி: விசாவுக்கு எடுத்த பயணக் காப்புறுதி போதுமா? — வாசகி, பாலையூற்று

பதில்: போதாது. ஷெங்கன் விசாவுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு. நடுக்கடலிலிருந்து நோயாளியை எடுத்து, வைத்தியருடன் விமானத்தில் நாட்டுக்குக் கொண்டுவர அது காணாது. அவசர வெளியேற்றத்துக்கு மட்டும் 250,000 டொலர் இருந்தால் நல்லது என்பது எங்கள் எண்ணம்.

தொகையைவிட 'விலக்குகள்' பக்கத்தை வாசியுங்கள். போர், போருக்கு நிகரான செயல் என்பதை அநேகமான பத்திரங்கள் விலக்கும். ஏற்கெனவே செய்தியில் வந்த நெருக்கடியை 'அறியப்பட்ட நிகழ்வு' என்று தள்ளிவிடும். போகவேண்டாமென அரசாங்கம் அறிவித்த இடத்துக்குப் போனால் காப்பு செல்லாது. எந்த நாட்டின் அறிவிப்பு என்று பத்திரத்தில் இருக்கும். சீனி வருத்தமோ பிரஷரோ இருப்பதை எழுதாமல் விட்டால் முழுக் கோரிக்கையும் போய்விடும். வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கள் காப்புறுதியில் பெற்றோரைச் சேர்ப்பதும் ஆபத்து: அநேகமானவை அந்த நாட்டில் வசிப்பவருக்கே செல்லும்.

கப்பல் கம்பனி தரும் நட்டஈட்டையும் நம்பியிருக்க முடியாது. கப்பல் பயணிகளின் நட்டஈடு பற்றிய சர்வதேச ஏதென்ஸ் உடன்படிக்கை கப்பல் விபத்துக்குக் கம்பனியைப் பொறுப்பாக்குகிறது. போர்ச் செயலால் வந்ததென்று நிரூபித்தால் அந்தப் பொறுப்பு நீங்குகிறது.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பல்? மலாக்கா நீரிணையிலும் கொள்ளை என்கிறார்களே. — வாசகர், கிண்ணியா

பதில்: தாராளமாகப் போங்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் இரவில் இழுவைப் படகு, அது இழுக்கும் தட்டையான சரக்குப் படகு, மெதுவான சரக்குக்கப்பல்களில் ஏறி இயந்திர உதிரிப்பாகம் திருடுவது. உயரமான, வெளிச்சமான, ஆள் நிறைந்த கப்பலை அவர்கள் தொடுவதில்லை. வயிற்றோட்டம் பரப்பும் நொரோவைரஸுக்குத்தான் அங்கே அதிகம் கவனம் வேண்டும்: கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கைக்குப் பூசும் ஜெல் அதற்குச் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: சென்னையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் வந்தால் மார்கழியில் வரலாமா? — வாசகர், திருக்கடலூர்

பதில்: 2023இல் சென்னையிலிருந்து எம்வி எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியது ஜூனில். கச்சான் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை அடங்கியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வாடையில் (வடகிழக்குக் காற்றுக் காலத்தில்) நிலைமை தலைகீழ். 1964 மார்கழிப் புயல், 2020 டிசம்பர் 2 அன்று எங்கள் கரையேறிய புரெவி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா, எல்லாம் இந்தப் பருவத்தில் வந்தவை.

கப்பல் புயலைவிட வேகமாக ஓடும், செய்மதிப் படமும் நாட்கணக்கில் முன்கூட்டியே கிடைக்கும். ஆகவே கப்டன் விலகிப் போய்விடுவார். அப்போது நீங்கள் பார்க்க வந்த துறைமுகம் தவறிப்போகும். எங்கள் துறைமுகத்தின் உட்பகுதி ஆழமும் மறைவும் உள்ளது. காங்கேசன்துறைக்கு அந்த வசதி இல்லை. கப்பல் வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கும் இடங்களில் அலையடிக்கும்போது படகுக்கும் மேடைக்கும் நடுவில் இடைவெளி ஏறியிறங்கும். வயதானவர் காலை விடுவது அங்கேதான். ஊழியர் இருவர் கையைப் பிடித்து 'இப்போது' என்று சொன்ன பிறகே அடியெடுத்து வைக்க வேண்டும், கையில் பை இருக்கக்கூடாது.

வாடையில்தான் வரவேண்டுமென்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கபின் கேளுங்கள். ஆட்டம் குறைவு, விலையும் குறைவு.