அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய்: சித்தியாக நான் என்ன செய்யலாம்?

கேள்வி: சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் வசிக்கும் என் அக்காவின் மகனுக்கு 15 வயது, உயர்நிலை மூன்றில் படிக்கிறான். விட்டுவிட்டு வந்த காய்ச்சலுக்காகப் பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துப் போனதில் தொடங்கி, மூன்று வாரங்களுக்கு முன் அது லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ‘ரத்தத்தில் கிருமி’ என்று மட்டுமே அக்காவும் அத்தானும் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் இருந்தபோது அக்கா இரவு வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் அவளுடைய மாமியார். சாதுவாக இருந்த பையன் இப்போது நள்ளிரவில் புரோட்டா கேட்டுக் கத்துகிறான். நான் தினமும் சாப்பாடு கொண்டுபோகிறேன். அக்கா அழுகிறாள், நானும் சேர்ந்து அழுதுவிட்டு வருகிறேன். நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா? என் எலும்பு மஜ்ஜை பொருந்துமா? உண்மையில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.
— செங்காங் வாசகி

பதில்: கத்துவது உங்கள் பையன் மட்டுமல்ல, மருந்தும்தான். இந்நோய்க்கான முதல் மாதச் சிகிச்சையில் ஸ்டீராய்டு மருந்து இடம்பெறும். அது அடங்காத பசியையும் தூக்கமின்மையையும் காரணமற்ற கோபத்தையும் கொண்டுவரும். மருந்து நின்றதும் பெரும்பாலும் தணிந்துவிடும். இதை அக்காவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். வளர்ப்பில் குறை வந்துவிட்டதோ என்று அவர் தனக்குள் புழுங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

மாமியாரின் பேச்சுக்கும் பதில் வேண்டும், ஆனால் அதை அக்கா சொல்லக் கூடாது. கர்ப்பகாலத்து வேலையாலோ உணவாலோ தோஷத்தாலோ இந்நோய் வருவதில்லை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணு ஒன்றின் மரபணுவில் ஏற்படும் பிழை பெருகிப் பெருகி நோயாகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பிழை ஏன் நேர்ந்தது என்பதற்கு ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. அந்த அம்மாளைத் தனியே உட்காரவைத்து இதைச் சொல்ல மருத்துவரையோ தாதியையோ அத்தான் கேட்டுக்கொள்ளட்டும். வெள்ளை அங்கி போட்டவர் சொன்னால் எடுபடும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அடுத்து, ‘கிருமி’. புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தவன், கையில் திறன்பேசி வைத்திருப்பவன், சொட்டுமருந்துப் பையின் மேலுள்ள பெயரைத் தேடிப் பார்க்காமலா இருப்பான்? பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்திருக்கும். பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்று அவனும் தெரியாததுபோல் இருப்பான். இருபுறமும் நடிப்பு நடந்தால், இரவில் வரும் பயத்தை அவன் யாரிடமும் சொல்ல முடியாது. பெற்றோர் உடனிருக்க மருத்துவர் அவனிடம் நோயின் பெயரைச் சொல்லட்டும். பிறகு பத்து நிமிடம் மருத்துவருடன் அவன் தனியாகப் பேசட்டும். அம்மா முன்னால் கேட்கக் கூசும் கேள்விகள் 15 வயதில் உண்டு. எதிர்காலத்தில் குழந்தை பிறக்குமா என்பதும் அவற்றில் ஒன்று. சொல்லக்கூடிய நல்ல செய்தியும் இருக்கிறது: சிறு பிள்ளைகளைவிடப் பதின்ம வயதினருக்குச் சிகிச்சை சற்றுக் கடினம் என்றாலும், இன்று அவர்களிலும் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆனால் முதலில் சொல்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். அக்காவை இணங்கவைப்பதோடு நின்றுகொள்ளுங்கள்.

நிலவேம்பு வேண்டாம். கஷாயத்தின் மீது எனக்குப் பகையில்லை. என் பாட்டி கொடுத்ததைக் குடித்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் கல்லீரலின் வழியே போகும் பல மருந்துகள் அவன் உடலில் இருக்கும்போது, மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்காமல் எந்த மூலிகையையும் சேர்ப்பது ஆபத்து. நம்மூர்ப் பெருமை வேண்டுமென்றால் வேறொன்று சொல்கிறேன்: அவனுக்கு அநேகமாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக்கூடத்தில் உருவானது.

மஜ்ஜையைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். இந்நோய்க்குப் பெரும்பாலும் மருந்துகளே போதும். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவையென்றால் முதலில் உடன்பிறந்தவர்களைத்தான் பார்ப்பார்கள். ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதுவரை கொடுக்க விரும்பினால் ஊட்ரம் ரத்த வங்கிக்குப் போய் ரத்தமோ தட்டணுக்களோ கொடுங்கள். அது நேரே அவனுக்குப் போகாது. ஆனால் யாரோ கொடுத்ததுதான் இந்த மூன்று வாரங்களில் அவனுக்கும் ஏறியிருக்கும்.

இனி உங்கள் கடைசி வரி. இந்தச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். முதல் மாதத்தில் பழக்கூடையோடு வரும் கூட்டம் ஆறாவது மாதத்தில் இருக்காது. அத்தானின் விடுப்பும் தீர்ந்திருக்கும். தினமும் ஓடித் தேய்வதை விட்டுவிட்டு, இரண்டு ஆண்டும் தாங்கக்கூடிய ஒன்றிரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்டால் அக்கா ‘ஒன்றும் வேண்டாம்’ என்பார். ‘செவ்வாயும் வியாழனும் நான் வருகிறேன், நீ வீட்டில் தூங்கு’ என்று சொல்லிவிடுங்கள். அவனுக்குத் தம்பி தங்கை இருந்தால், அவர்களுடைய பள்ளிக் கூட்டங்களுக்குப் போக ஒருவர் வேண்டும். அதுவும் நீங்களாக இருக்கலாம். சாப்பாடு கொண்டுபோனால் அன்று சமைத்ததைச் சூடாகக் கொண்டுபோங்கள். அங்காடிக் கடையில் நறுக்கி வைத்த பழம் கூடாது. விசாரிக்கும் உறவினர்களுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பையும் நீங்களே வாங்கிக்கொண்டு, சளி இருமல் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று கூசாமல் எழுதுங்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது நிதி திரட்டத் தொடங்கினால், பெற்றோரைக் கேட்கும்வரை நிறுத்திவையுங்கள். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் போக மீதத்துக்கு வழி சொல்ல மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளர் இருக்கிறார். 1992இல் தொடங்கப்பட்ட சிறுவர் புற்றுநோய் அறநிறுவனத்தின் ஆதரவைப் பற்றியும் அவரிடமே கேட்கலாம்.

அவன் வீடு திரும்பியபின் ஒரு விதி மட்டும் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். 38 பாகைக் காய்ச்சல் வந்தால், இரவு மணி இரண்டானாலும், மருத்துவமனை கொடுத்த எண்ணை அழைத்துப் புறப்பட வேண்டும். பனடால் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணத் தொற்றும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். நள்ளிரவில் காரோடு வரக்கூடியவர் நீங்கள் என்றால், அதை இப்போதே சொல்லிவையுங்கள்.

முடி கொட்டும்போது அண்ணன் தம்பிமார் சேர்ந்து மொட்டை போட நினைக்கலாம். அன்பான எண்ணம்தான், ஆனால் அவனைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தன்னைப் பார்த்ததும் நோய் நினைவுக்கு வரக் கூடாது என்று விரும்பும் பிள்ளைகளும் உண்டு.

எனக்கு மிகவும் கவலை தருவது இரண்டாவது ஆண்டுதான். முடி வளர்ந்து, பள்ளிக்குப் போய், பார்ப்பவர்கள் ‘நல்லாயிட்டானே’ என்பார்கள். அப்போதும் வீட்டிலேயே மாத்திரைகளைத் தினமும் விழுங்க வேண்டியிருக்கும். பதின்ம வயதினர் அதைத் தவறவிடுவதும், அதனால் நோய் திரும்பும் அபாயம் கூடுவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்தவை. அம்மா கேட்டால் நச்சரிப்பாகத் தோன்றும். சித்தி கேட்டால் அவ்வளவு உறைக்காது. தினமும் இரவு ஒன்பதரைக்கு ஒரு வரி அனுப்புங்கள், கால்பந்தைப் பற்றியே இருக்கட்டும். மாத்திரை போட்டதும் அவன் ஒரு கட்டைவிரல் படம் திருப்பி அனுப்பட்டும். அந்த ஏற்பாட்டை அவனோடு பேசி, அவன் சம்மதத்தோடு தொடங்குங்கள்.