மலைத்தோட்டத்து ஆப்பிள்: கேள்வி பதில்

கேள்வி (பூம்பாறை): டெலிஷியஸ் ஒட்டுக்கன்று நட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இலை செழித்திருக்கிறது, பூ வரவில்லை. மார்கழியில் இங்கே கை விறைக்கிறதே, அந்தக் குளிர் போதாதா?

பதில்: போதாது. நமக்குக் கை விறைப்பது சில மணிநேரம்; மரமோ, ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கழிந்த மணிநேரங்களைக் குளிர்காலம் முழுவதற்கும் கூட்டிக்கொண்டே போகிறது. டெலிஷியஸ் வகைகளுக்கு இந்தக் கூட்டுத்தொகை ஆயிரத்தை ஒட்டி வரவேண்டும். இரவில் சேர்ந்த குளிரில் ஒரு பகுதியை, 18, 20 டிகிரிக்கு ஏறும் பகல்வெயில் கழித்தும்விடுகிறது. உங்கள் மரத்தில் நுனிமொட்டுகள் மட்டும் தளிர்த்து, கிளையின் நடுப்பகுதி வெறுங்கம்பாக நின்றால், குளிர் போதாமல் மரத்தின் குளிர்கால உறக்கம் முழுமையாகக் கலையவில்லை என்று பொருள். உரம் கூட்டிப் பயனில்லை, வகையைத்தான் மாற்றவேண்டும்.

கேள்வி (கோத்தகிரி): அப்படியானால் எந்த வகை?

பதில்: இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவில் கிடைத்த டார்செட் கோல்டன் ஆகிய இரண்டும் சுமார் 300 மணிநேரக் குளிருக்குள் நிறைவடைபவை, ஒரே பருவத்தில் பூத்து ஒன்றுக்கொன்று மகரந்தம் தருவதால் இரண்டையும் சேர்த்தே நடுங்கள். கொடைக்கானலுக்கு நெடுநாள் பழகிய பார்லின்ஸ் பியூட்டியையும் நான் ஒதுக்கமாட்டேன்.

கேள்வி (குன்னூர்): கடைப்பழத்தின் விதையை முளைக்கவைக்கலாமா?

பதில்: முளைக்கும், தாய்ப்பழத்தைப் போன்ற பழம் வராது.

கேள்வி (தாண்டிக்குடி): இலையை உருவினால் மரம் பூக்கும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், பாத்து (Batu) என்னும் ஊரின் மலைப்பகுதியில், அறுவடைக்குப் பின் இலைகளைக் கையால் அகற்றி, கிளைகளைக் கிடைமட்டமாக வளைத்துக் கட்டி, மரத்தை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகவிடாமலே ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுக்கிறார்கள். முரட்டுத்தனமாகப் பிய்த்தால் கணுவிலிருக்கும் மொட்டும் கூடவே வந்துவிடும் என்பதால், பாதிக் காம்பை விட்டுவிட்டு இலையைக் கத்தரிப்பது என் வழக்கம். மிஞ்சிய காம்பு தானே உதிரும். ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் இருப்பவர்கள் இதைக் கார்த்திகையில் செய்யவேண்டாம். பூ உறைபனியில் கருகிவிடும்.

கேள்வி (ஊட்டி): கிளைக் கவட்டில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. பூஞ்சாணமா?

பதில்: விரலால் நசுக்கிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கறை படிந்தால் அது கம்பளி அசுவினி என்னும் பூச்சி. வேரிலும் இறங்கி முடிச்சுப் போடும் என்பதால், புதிதாக நடுபவர்கள் இதைத் தாங்கும் எம்.எம். 106 அல்லது எம்.எம். 111 வேர்ச்செடியில் கட்டிய ஒட்டுக்கன்றாகக் கேட்டு வாங்குவது நல்லது. பஞ்சுக்கிடையே உப்பிய கறுப்பு உடல்களும், அவற்றில் வட்டமான ஓட்டைகளும் தெரிந்தால், அசுவினியை அழிக்கும் அஃபெலினஸ் என்னும் சிறு குளவி ஏற்கெனவே வேலை செய்கிறது. அப்போது மருந்தடித்து அதைக் கொன்றுவிடாதீர்கள்.